மொட்டை மாடியுள்ள ஓட்டு வீடு

இன்று காலையும் எங்கள் தெருவில் உன் குரல் வந்தது.

மாசி மாதத்துப் பனி விலகாத நேரம். அறுப்பு முடிந்த வயல்களிலிருந்து ஈர வைக்கோலின் வாசனை வீட்டுக்குள்வரை வந்திருந்தது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஆட்டோவின் சத்தம். அதன் பின்னால் நீ. "பொதுமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். நமது பேரூராட்சிக்குச் செலுத்த வேண்டிய வீட்டு வரியை இந்த மாத இறுதிக்குள் செலுத்தி..." பனிக்குள் ஆட்டோ தெரியவில்லை. குரல் மட்டும் கோயில் முக்கில் திரும்பி, குளத்துக்கரை ஏறி, தென்னைகளுக்கு நடுவே மெல்லப் போனது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பதிவை மாற்றவேண்டும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எனக்கும்தான். வார்டு உறுப்பினர் நான். ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடுவார்கள். சொல்ல மனம் வரவில்லை.

அதைப் பதிவு செய்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். கோப்பு அறைக்குள் நீ வேர்த்து விறுவிறுத்து நின்றாய். மூன்று முறை பாதியில் சிரித்துக் கெடுத்தாய். "அன்பான வேண்டுகோள்னு வாயில வரமாட்டேங்கு ஏட்டி. கெட்டுவியளா மாட்டியளான்னு கேட்டுத்தான் நாக்கு பழகிக் கெடக்கு" என்றாய். நாலாவது முறை சரியாக வந்தது. ஆனால் கவனித்துக் கேட்டால் 'நமது' என்ற சொல்லில் உன் சிரிப்பின் வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாகர்கோவில் கல்லூரிக்கு ஒரே பேருந்தில் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பேரூராட்சியின் தண்ணீர் லாரி ஓட்டிய உன் அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோக, பட்டம் வாங்கிய மறு வருடம் உனக்கு அந்த வேலை வந்தது. வரி வசூலிப்பவள். ஒரு துணிப்பை, ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு குடை. நான் கல்யாணமாகி, மஸ்கட்டில் இருக்கும் கணவரின் விடுமுறைகளை எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்தேன். நீ இருபது வருடத்துக்கு மேலாக எல்லாத் தெருக்களிலும் நடந்தாய்.

சில மதியங்களில் கடைத்தெருவில் உன்னைப் பார்த்தால் நானும் சேர்ந்து கொஞ்ச தூரம் வருவேன். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்த நாட்களில் கால்வாய் நிறைந்து ஓடும். அதன் சத்தம் நம்மோடு கூடவே நடந்துவரும். நீ வீடுகளை ஆட்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். "இவளுக்குப் போன வருசத்தவிட இடுப்பு பெருத்துப்போச்சு, பின்னால ஒரு அறை எறக்கியிருக்கா" என்பாய். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வாய், உள்ளே யாரோ தூங்குவதுபோல. வெயிலும் நிழலும் மாறிமாறி விழும் அந்தத் தெருக்களில், ஊர் முழுவதும் உனக்குச் சொந்தக்காரர்கள்போல வரிசையாக நிற்பதாக எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டையும் நீ அப்படித்தான் பார்த்திருப்பாய். ஓட்டைப் பிரித்து, கான்கிரீட் போட்டு, மேலே இரண்டு அறையும் ஒரு மொட்டை மாடியும் கட்டினோம். பால் காய்ச்சிய அன்று குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு வந்தாய். சாப்பிட்டு முடித்து நீ புறப்பட்டபோது வாசல்வரை வந்தேன். "வரி மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ ஏட்டி. கடன் கழுத்துவரைக்கும் இருக்கு" என்றேன். நீ சிரித்தாய். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் யார் யாரிடமும் இப்படிக் கேட்பதுண்டு. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில். கேட்பவருக்கும் அது பாரமாக இருப்பதில்லை. கேட்டதையே மறந்துவிடுவோம்.

பதிவேட்டில் எங்கள் வீடு அப்படியே இருந்தது. ஓட்டு வீடு, இரண்டு அறை, மாட்டுத்தொழுவம். மாடு செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்று வந்தபோது என்னைத் தேர்தலில் நிற்கவைத்ததும் நீதான். "எம்.ஏ. படிச்சிட்டு எத்தன நாளு ஃபோன்ல அவருட்ட என்ன கொழம்புன்னு சொல்லிட்டு இருப்ப?" என்று கேட்டாய். ஜெயித்தேன். மன்றக் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பக்கவாட்டு மேசையில் பதிவேடுகளை அடுக்கிவைத்துக்கொண்டு நீ இருப்பாய். அலுவலர்கள் கூட்டத்தில் பேசக்கூடாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம்.

அலுவலக வராந்தாவில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதில் ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களுடைய ஓய்வூதியத்துக்குப் பேரூராட்சி தன் பங்கைக் கட்டவேண்டும். பல வருடங்களாகச் சரியாகக் கட்டவில்லை. அதனால் ஓய்வூதியம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் தாயம்மை இருப்பாள். முப்பது வருடம் எங்கள் தெருவைப் பெருக்கியவள். அவளுடைய வாரியல் தரையில் உரசும் சத்தத்தில்தான் என் பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள். இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள்.

ஒருநாள் நாம் இருவரும் அவளைத் தாண்டிப் போகும்போது, "என்ன தாயம்மைக்கா, மெலிஞ்சு போயிட்டியே?" என்று நீ கேட்டாய்.

"பென்சன் வந்த மாசம் மருமவ, 'அத்தே, இன்னும் ரெண்டு துண்டு மீனு வைக்கட்டா'ன்னு கேப்பா. வராத மாசம் கேக்க மாட்டா. அவளச் சொல்லியும் குத்தமில்ல மக்கா, அங்கயும் பிள்ளைய இருக்கு. நானா கேக்கதுக்கு வெக்கமா இருக்கு பாத்துக்கோ" என்றாள்.

நீ பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாய்.

அதற்கு வழி செய்யத்தான் போன மாசியில் அந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. வீட்டு வரியை உயர்த்துவது, உயர்த்திக் கிடைப்பதில் முதலில் ஓய்வூதியப் பங்கைக் கட்டுவது. செயல் அலுவலர் படித்து முடிக்கும்முன்பே சலசலப்பு தொடங்கிவிட்டது. ஏழாம் வார்டு அண்ணாச்சிக்குத் தொண்டை பெரியது.

"தெருவு தூத்தப்ப சம்பளம் வாங்கியாச்சுல்லா? இப்ப சும்மா இருக்கதுக்கும் நான் கெட்டணுமா?"

"பைய பேசும் ஓய். வெளிய உக்காந்திருக்காவ" என்றார் தலைவர்.

"கேக்கட்டு. நாளைக்கு ஓட்டு கேட்டுப் போவது நானா, இல்ல நீரா?"

கடைசி வரிசையிலிருந்து யாரோ, "வரிய ஏத்தாண்டாம். உள்ள வீட்ட ஒழுங்கா அளந்தாலே போதும். பாதி ஊரு ஓட்டு வீட்டுக்கு மேல மாடி கெட்டி உக்காந்திருக்கு" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒரு கணம் கூடுதலாக நீண்டது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ரசவடையும் காப்பியும் வந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. நீ சிரிக்கவில்லை. பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் எழுந்தேன். என் வார்டில் அண்டி ஆபீசுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்த பெண்களைப் பற்றிப் பேசினேன். வரியைக் 'கரம்' என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டும் கிழவிகளைப் பற்றிப் பேசினேன். அவர்கள் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்டேன். குரல் எனக்கே அழகாகக் கேட்டது. மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றும் உறுத்துவது அதுதான். பொய் சொல்லியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

வெளியே வந்தபோது தாயம்மை எழுந்து நின்றாள். "ஒனக்குத்தான் எல்லாரும் கை தட்டுனாவளா மக்கா? அப்ப ஆச்சா?" என்று கேட்டாள்.

"அடுத்த கூட்டத்துல பாக்கலாம்க்கா."

"அது போதும்" என்றாள். என்னை நம்பித்தான் சொன்னாள்.

படிக்கட்டில் நீ எனக்குப் பின்னால் வந்தாய். ஒரு படி இறங்கி என்னைத் தாண்டினாய். "நல்லா பேசுன ஏட்டி" என்றாய். அப்புறம், "ஓட்டு வீட்டு மொட்ட மாடியில வத்தல் போட்டிருந்தியே, காஞ்சிட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. "எழுதுனது நீதானே" என்றேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆமா. நாந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாய்.

பத்து நாள் நாம் பேசவில்லை. அந்த நாட்கள் எனக்கு ஏதோ தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் நினைவிருக்கின்றன. உன் செருப்புச் சத்தம் தெருவில் வரும், எங்கள் வாசலில் ஒரு நொடி தயங்கும், போய்விடும். நான் மேலே நின்று மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேகம் இறங்கினால் மலை இல்லாமல் ஆகும், ஏறினால் திரும்ப வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் காலடியில் இருந்தது பதிவேட்டில் இல்லாத தளம். நான் நிற்கும் இடமே ஊர்க்கணக்கில் இல்லை என்று நினைக்க ஒருமாதிரி தலை சுற்றும்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கேட்டைத் தள்ளிக்கொண்டு நீ வந்தாய். கையில் அலுவலகத்து அளவு நாடா. "முனையப் புடி" என்றாய். நான் பிடித்தேன்.

முன்வாசல் சுவரிலிருந்து தொடங்கினோம். நீ அளவைச் சொன்னாய், நான் எழுதினேன். கூடம், அடுக்களை, பின்னால் இறக்கியது. மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் இப்போது துணி துவைக்கும் எந்திரம் நிற்கிறது. அதைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதான் ஒங்க பசுவா? எத்தன படி கறக்கு?" என்றாய். பத்து நாளுக்குப் பிறகு உன் சிரிப்பைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாடிப்படியில் நாடா வளைந்து வளைந்து ஏறியது. மொட்டை மாடியில் இருவரும் களைத்து உட்கார்ந்தோம். காற்றில் நாடா மெல்லப் படபடத்துக்கொண்டிருந்தது. பூதப்பாண்டிப் பக்கம் எங்கோ கோயில் மணி.

"இதுபோல எத்தன வீட்டுக்கு எழுதியிருக்க?" என்று கேட்டேன். ஐம்பது வீடாவது இருக்கும், அதில் நான் கரைந்துபோகலாம் என்று ஓர் ஆசை.

"ஒண்ணுதான்."

"ஊருல பாதி வீடுன்னு சொன்னாவளே."

"அதெல்லாம் அவியளா மறைச்சது. நோட்டீசு குடுத்திருக்கேன், எழுதி மேல அனுப்பியிருக்கேன், அளக்கதுக்கு உத்தரவு வரல. நான் தெரிஞ்சு மறைச்சது ஒன் வீடு மட்டுந்தான்."

நீயே தொடர்ந்தாய். "நாளைக்கு எழுதிக் குடுக்கப்போறேன். அப்பத்தான் அந்த மேசையில இருந்து நான் தலைய நிமுந்து பாக்க முடியும். நீயும் கூட்டத்துல எதுனாலும் பேசலாம்."

"மெமோ குடுப்பாவட்டி."

"குடுக்கட்டு."

"ஒன் பென்சன்ல கை வைச்சா?"

"அதுக்கு இன்னும் பன்னெண்டு வருசம் கெடக்கு. சவம், அப்ப பாத்துக்கலாம்" என்று நாடாவைச் சுற்றத் தொடங்கினாய்.

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு திருத்தம் சொன்னேன். எல்லா வீட்டையும் அளப்பது, மன்ற உறுப்பினர்களின் வீட்டிலிருந்து தொடங்குவது. ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் உயர்வு வேண்டாம், கான்கிரீட்டுக்கு மட்டும். "என் வீட்டை அளந்தாகிவிட்டது" என்றேன். எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். "ஒனக்கென்ன, கல்ஃப் காசு" என்றார் ஏழாம் வார்டு அண்ணாச்சி. "வெளிநாட்டுல இருந்து வருது, நீ கெட்டுவ. நான் எங்க போவேன்?" இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் ஓர் ஓட்டில் நிறைவேறியது. அந்த ஓர் ஓட்டு என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எல்லா ஓட்டும் அந்த ஓர் ஓட்டுதான்.

சித்திரையில் பங்கு கட்டினார்கள். வைகாசியில் தாயம்மைக்கு நின்றுபோன மாதங்களும் சேர்ந்து வந்தன. அவள் மருமகளுக்குச் சேலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போனாள். நீயும் நானும் மேலே நின்று பார்த்தோம். சேலைப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் பெருக்கிய தெருவின் நடுவில் மெதுவாக நடந்தாள். வெயிலில் தெரு ஒரு நதிபோல் மினுங்கிக்கொண்டிருந்தது.

உனக்கும் சித்திரையிலேயே மெமோ வந்திருந்தது. தவறான பதிவுக்கு விளக்கம் கேட்டு. உன் பதிலை எனக்குக் காட்டினாய். 'எனது கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று எழுதியிருந்தாய். நான் கேட்டுக்கொண்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நான் கேட்டேன்னு நானே எழுதித் தரட்டா?" என்றேன்.

"போ ஏட்டி. நீ வாயால கேட்ட. எழுதுனது என் கையி."

இதை இப்போது உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு மூச்சு நிம்மதியாக இறங்கியது. வற்புறுத்தலாம் என்று தோன்றியது. நாளைக்கு வற்புறுத்தலாம் என்று இருந்தேன். நல்லவள் என்ற பெயர் அப்போதுதான் ஊரில் எனக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ஆனியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் இல்லை.

விசாரணை பாதியில் நின்றது. அது முடியாமல் உன் மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது என்றார்கள். உனக்குப் பிறகு அவளுக்கு வேறு யார்? அவள் அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. இன்னும் ஒரு வருடம் செவிலியர் படிப்பு பாக்கி. கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு முதல் தேதிகளில் அவளும் வந்தாள். முதன்முறை வந்த அன்று கூட்டத்துக்குப் போகும்போது பார்த்தேன். வராந்தாப் பெஞ்சில் தாயம்மை நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க அத்தை" என்றாள். நான் தலையசைத்துவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை.

போன வாரம் செயல் அலுவலர் என்னை அழைத்தார். "கவனக்குறைவுன்னு அவங்களே எழுதியிருக்காங்க மேடம். அதையே வச்சு முடிச்சிடலாம். இந்த மாசமே அந்தப் பொண்ணுக்குப் போயிரும்" என்றார்.

"நான் கேட்டுத்தான் பதிவேட்டில் என் வீட்டை ஓட்டு வீடு என்றே விட்டுவைத்தாள்" என்றேன். முதல்முறையாக இன்னொருவரிடம் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி நீங்க எழுதிக் கொடுத்தா மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். உங்களுக்கும் சிக்கல். அந்தப் பொண்ணுக்கும் இன்னும் சில மாசம் தள்ளும். யோசிச்சுக்கோங்க."

இரண்டு காகிதங்களோடு அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நீ எழுதிய பதிலின் நகல் ஒன்று, நான் எழுதியது ஒன்று. தாமதிக்கப்போவது அவளுடைய பணம். முடிவும் அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று கோர்த்துக்கொண்டே போனேன். அவள் கதவைத் திறந்து, கட்டன்சாயா போட்டுத் தந்து, எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதம் அப்படியே நீ. நான் பால் காய்ச்சிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடவில்லை. இரண்டு காகிதங்களையும் படித்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "டேப்ப எடுத்துட்டு ஒங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே அம்மை எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தா."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கோ தவளைகள்.

"நீங்க சொல்லுவியளான்னு பாத்துட்டு இருந்தேன்."

அதில் கோபம் இல்லை. மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு நான் எழுதியதை மட்டும் மடித்து என் கையில் தந்தாள். "இதக் குடுங்க. தாமசிச்சா தாமசிக்கட்டு, நான் எப்படியும் சமாளிச்சிருவேன். அம்மை கவனமில்லாதவன்னு ஒரு பேப்பரு ஆபீசுல இருக்காண்டாம்."

கொடுத்துவிட்டேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. என் பதவி என்னவாகும் என்று தெரியாது. அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை. உன் மகள் கேட்காமல் காத்திருந்த அந்த எட்டு மாதங்கள்தான் என்னிடம் இருக்கின்றன. அத்தனை முதல் தேதிகளிலும் "வாங்க அத்தை" என்று அவள் சிரித்தது இருக்கிறது. சமையல் செய்யும்போது இருக்கிறது, கூட்டத்தில் கை தூக்கும்போது இருக்கிறது. அதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்குமென்றாலும் நான் வைக்கமாட்டேன்.